கேளாமல் செய்த உதவி

வெள்ளவத்தை
9.6.1987

வாகீசனின் அப்பாவுக்கு,

மூன்று மாதமாக நான் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்ற வீம்பை இப்போது விட்டுவிடுவோம். பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள்.

வடக்கே உங்கள் ஊர் அல்வாயில் இராணுவம் வீடு வீடாக இளம் பெடியன்களைச் சேர்த்துக் கப்பலில் ஏற்றித் தெற்கே ஒரு முகாமுக்குக் கொண்டுவந்திருக்கிறது. முகாமுக்குள் போக அனுமதி கிடைத்த ஒரு பாதிரியார் சில பெயர்களைக் கேட்டு வந்து கொட்டாஞ்சேனைக் கோயிலில் சொல்லியிருக்கிறார். வங்கியில் என் பக்கத்து மேசைப் பேர்ணடெற் கொட்டாஞ்சேனைக்காரி. நேற்றுக் காலை வந்ததும் வராததுமாக, "நாகேஸ் அக்கா, வாகீசன் எண்டு ஒரு பெடியனாம், வெள்ளவத்தையில படிக்கிறவனாம்" என்றாள். பிறகு அவள்தான் என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள்.

கொழும்பில் படிக்கிற பிள்ளை ஏன் அல்வாயில் இருந்தான்? உங்கள் அண்ணருக்குக் கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லை என்று சென்னையிலிருந்து நேரே அவனுக்கே தந்தி அடித்தீர்கள். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கொள்ளி வைத்தவன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிக்காமல் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று உங்கள் ஆட்கள் அவனை மறித்து வைத்தார்கள். அந்தியேட்டிக்கு முதல் இராணுவம் வந்துவிட்டது. அண்ணரின் ஆத்மா சாந்தியடைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன வியாழக்கிழமை உங்கள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டுப் பொதி போட்டன. மறுநாள் வங்கியில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. தேநீர் கொண்டுவருகிற மனிதர்கூட என் மேசையைத் தாண்டிப் போனார். நான்தான் விமானம் ஓட்டினேன் என்பதுபோல.

ஒரே ஒரு வழி இருக்கிறது. இரண்டு வீடு தள்ளி இருக்கிற சிங்களவர் ஹெக்டர் மஹத்தயாவை நினைவிருக்கும். பொலிசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர், எண்பத்து மூன்று கலவரத்தில் எங்களைத் தன் பின்னறையில் வைத்துக் காப்பாற்றியவர். அந்த முகாமில் ஒரு அதிகாரி அவருக்குக் கீழே வேலை செய்தவராம். செத்தவீட்டுக்குப் போன கொழும்பு மாணவன் ஒருவன் தவறுதலாக அகப்பட்டான் என்று சொல்லி எடுக்கலாம், ஆனால் சத்தம் வரக்கூடாது என்கிறார்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நீங்கள் ஒன்றும் செய்யாதீர்கள். தந்தி வேண்டாம். ஹெக்டர் வீட்டு ரெலிபோனுக்கு எடுக்கவும் வேண்டாம், கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடிதம் மட்டும் போதும்.

நாகேஸ்வரி


சென்னை
20.6.1987

அன்பின் நாகேசுக்கு,

உம்முடைய கடிதம் நேற்றுக் கிடைத்தது. படித்துவிட்டுக் கடற்கரைக்குப் போய் இருந்தேன். இருட்டின பிறகும் எழும்ப முடியவில்லை.

தந்தி அடித்ததைப்பற்றி நீர் எழுதியது சரியாக இருக்கலாம். அண்ணர் என்னைப் படிப்பித்தவர். அவருடைய உடம்பு கொள்ளியில்லாமல் கிடக்க நான் எப்படி விடுவது? அதை இப்போது விடுவோம்.

'உங்கள் இந்திய விமானங்கள்' என்று எழுதியிருந்தீர். விமானம் என்னுடையதல்ல. ஆனால் அதை நான் ஆதரிக்கிறேன், என் அரசியல் வகுப்பிலும் அதையே சொல்கிறேன். ஒரு அரசு மற்ற அரசுகளின் சம்மதம் இல்லாமல், ஒப்பந்தமும் கூட்டும் இல்லாமல், தன் முடிவில் தானே இறங்குவதைத்தான் ஒருதலைப்பட்ச வெளியுறவுக் கொள்கை என்கிறோம். அதைச் சண்டித்தனம் என்று எழுதுகிறவர்கள் முழுக்கதையையும் சொல்வதில்லை. முதலில் படகுகள்தான் வந்தன. சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டுதான் வந்தன. இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. அடுத்த நாள்தான் கேளாமல் வந்தார்கள். பசித்தவனுக்குச் சோறு போட யாருடைய சம்மதத்துக்காகக் காத்திருப்பது? எல்லோரும் தலையாட்டும்வரை காத்திருந்தால் உலகத்தில் ஒரு நல்ல காரியமும் நடக்காது.

ஹெக்டர் நல்லவர், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நல்லவரின் தயவில் பிள்ளையை விட்டுவைப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. தயவு இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போய்விடும். பலத்துக்குத்தான் அரசுகள் பதில் சொல்லும்.

டெல்லியில் வெளிவிவகாரத்தில் பொறுப்பான ஒருவர் எங்கள் ஆய்வு நிறுவனத்துக்கு அடுத்த வாரம் வருகிறார். சும்மா எழுதினேன். நான் ஒன்றும் செய்யவில்லை.

வகுப்பெடுப்பதுபோல எழுதுகிறேன் என்று கோபிப்பீர். எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை, நாகேஸ். வேறு மாதிரி எழுதத் தொடங்கினால் அழுதுவிடுவேன்.

உம்முடைய,
கதிர்காமநாதன்


வெள்ளவத்தை
3.7.1987

வாகீசனின் அப்பாவுக்கு,

சும்மா எழுதினேன் என்று நீங்கள் எழுதுவதில் ஒன்றும் சும்மா இருந்ததில்லை. எண்பத்து மூன்று முடிந்த கையோடு 'சும்மா ஆறு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று போனவர் நீங்கள். நான் வேலையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றதை இன்றுவரை குற்றமாகச் சொல்கிறீர்கள். போவதா இல்லையா என்று என்னை எப்போது கேட்டீர்கள்? போகிற திகதியைத்தானே சொன்னீர்கள்.

பாடம் விளங்கியது. எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆசிரியர் கோபிக்கக்கூடாது. விமானத்தில் வந்தவர்கள் பொதியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பஸ்ஸில் பின்னால் இருந்தவன் என்னைப் பார்த்துக் காறித் துப்பினதை யார் துடைப்பது? கேளாமல் செய்கிறவருக்கு நல்ல பெயர் கிடைக்கிறது. விலை கொடுக்கிறவர்கள் வேறு ஆட்கள்.

இனி முக்கியமான விஷயம். பாடசாலை அதிபர் அவனுக்கு நற்சான்று கொடுத்துவிட்டார். ஹெக்டர் அதைக் கொண்டு தானே முகாமுக்குப் போய்வந்தார். நோஞ்சான் மனிதர், பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தார். பிள்ளையைத் தூரத்தில் கண்டாராம். மெலிந்திருக்கிறான், ஆனால் நடக்கிறான் என்றார். பதினைந்தாம் திகதிக்கு முன்னம் விட்டுவிடுவார்கள். அந்த அதிகாரி வாயால் சொல்லியிருக்கிறார்.

நேற்று அவனுக்கு ஒரு சேர்ட் வாங்கினேன். என்ன அளவு வாங்குவது என்று தெரியாமல் கடையில் நின்று அழுதேன். கடைக்காரப் பெண் தண்ணீர் தந்தாள். நான் தமிழ் என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் தந்தாள்.

டெல்லிக்காரர் வந்தால் அவரோடு சூடான இட்டலி சாப்பிடுங்கள், உலக அரசியல் கதையுங்கள். என் பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நாகேஸ்வரி


சென்னை
5.7.1987

அன்பின் நாகேசுக்கு,

உம்முடைய பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்க முடியாமல் எழுதுகிறேன். நல்ல செய்தி.

டெல்லி அதிகாரியோடு தனியாக ஒரு மணி நேரம் கதைக்கக் கிடைத்தது. என் கட்டுரைகளைப் படித்திருக்கிறார். 'உங்களுக்காக நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா' என்று அவரே கேட்டார். அப்படிக் கேட்கிறபோது ஒரு தகப்பன் என்ன சொல்வான், சொல்லும்.

கொழும்பிலுள்ள அவர்களுடைய தூதரகம் இரண்டு நாளில் எழுத்தில் கேட்டுவிட்டதாக இன்று செய்தி அனுப்பியிருக்கிறார். இனி வாகீசன் யாரோ ஒரு பெடியன் அல்ல. ஒரு வல்லரசு பெயர் சொல்லிக் கேட்ட பிள்ளை. அவன்மேல் இனி ஒருவரும் கைவைக்கத் துணியமாட்டார்கள்.

உம்மைக் கேளாமல் செய்துவிட்டேன் என்று கோபிப்பீர். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர், பயத்தினால். பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு கோபியும். அப்போது எவ்வளவு ஏச்சு என்றாலும் வாங்குகிறேன்.

உம்முடைய,
கதிர்காமநாதன்


வெள்ளவத்தை
21.7.1987

கெடுகுடி சொற்கேளாது என்று எங்கள் அம்மா சொல்லுவா. அது உங்களுக்காகச் சொன்னது என்று அப்போது தெரியவில்லை.

பதினைந்தாம் திகதி போனது. பதினெட்டாம் திகதி ஹெக்டர் வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே வரச் சொல்லவில்லை. நான்கு வருடத்தில் முதல்தரம் அவர் என்னை வாசலில் நிற்கவைத்துக் கதைத்தார். சிங்களத்தில் மெதுவாகத்தான் சொன்னார். அந்த அதிகாரியை மேலே கூப்பிட்டு, டெல்லி பெயர் சொல்லிக் கேட்கிற பெடியனை நீ செத்தவீட்டுக்குப் போன மாணவன் என்று விடப்பார்த்தாயா என்று கேட்டார்களாம். அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். விமானம் அனுப்பின நாடு ஒரு பெடியனைக் கேட்கிறதென்றால் அவன் யாரோ பெரிய ஆளாக இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து, தனியே வைத்து விசாரிக்கிறார்களாம்.

விசாரணை என்றால் என்ன என்று ஹெக்டருக்குத் தெரியும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நோனா, எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். எனக்கே தெரியாது என்று சொன்னேன். நம்பினாரோ தெரியாது.

ஒருவரும் கைவைக்கத் துணியமாட்டார்கள் என்று எழுதினீர்களே. கைவைக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் வைக்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் இந்தியாவுக்கும் உனக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு அடித்தால் அவன் என்ன சொல்வான்? அப்பா சென்னையில் இருக்கிறார் என்று சொல்வான். அது உண்மைதானே. அதற்கும் அடிப்பார்கள்.

டெல்லிக்காரர் உங்களைக் கேட்டாராம், நீங்கள் சொன்னீர்களாம். அவன் என்னுடைய பிள்ளையும்தான். பெற்றவளை ஒரு சொல் கேட்கவேண்டும் என்று உங்கள் புத்தகத்தில் எங்கேயும் இல்லையா? நீங்கள் அவனைக் காப்பாற்ற நினைத்தீர்கள், எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களைச் சபிக்கவும் முடியாமல் செத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு எழுதாதீர்கள்.


சென்னை
1.8.1987

அன்பின் நாகேசுக்கு,

எழுதாதே என்றீர். இரண்டு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

இந்தியாவும் இலங்கையும் பேசின ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, அமைதி காக்க இந்தியப் படையும் யாழ்ப்பாணத்துக்குப் போகிறது. கொழும்பில் கலவரம், ஊரடங்கு என்று வானொலி சொல்கிறது. நீர் எங்கே இருக்கிறீர் என்று தெரியவில்லை. பேர்ணடெற் வீட்டுக்குப் போயிருப்பீர் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒப்பந்தத்தில் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு என்று ஒரு பிரிவு இருக்கிறது. படித்தபோது எனக்கு மூச்சு வந்தது. இந்த ஒப்பந்தத்துக்கு வழி திறந்ததே ஜூனில் வந்த அந்த விமானங்கள்தான் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். நானும் மேடையில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். உமக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவனைக் கண்டால் ஒரு வரி எழுதும். வேறொன்றும் எழுதவேண்டாம்.

கதிர்காமநாதன்


வெள்ளவத்தை
1.10.1987

வாகீசனின் அப்பாவுக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். கண்டேன்.

கலவரத்தின்போது கொட்டாஞ்சேனையில்தான் இருந்தேன். அதற்குப் பிறகு ஆவணியும் புரட்டாதியும் பேர்ணடெற்றும் நானும் அந்த முகாம் வாசலுக்குப் போகாத ஞாயிறு இல்லை. முதல் தொகுதியை விட்டார்கள், அதில் அவன் இல்லை. அடுத்ததிலும் இல்லை. சாதாரணப் பிள்ளைகள் எல்லாம் போய் முடிந்த பிறகு, விசேஷமானவர்கள் என்று பிரித்து வைத்திருந்தவர்களைக் கடைசியாகப் போன செவ்வாய்க்கிழமை வெளியே கொண்டுவந்தார்கள்.

வாசலில் இரண்டு பஸ் நின்றது. இந்திய அதிகாரிகளும் நின்றார்கள். நான் தாய் என்று சொல்லி அடையாள அட்டையைக் காட்டினேன். வடக்கில் பிடிபட்டவர்களை வடக்கில் கொண்டுபோய் ஒப்படைப்பதுதான் இரண்டு அரசும் பேசின ஏற்பாடு, இங்கே ஒருவரையும் இறக்கமுடியாது என்றார்கள். வீடு வெள்ளவத்தையில் இருக்கிறது, பஸ் அந்த வீதியால்தான் போகும் என்றேன். மேலிடத்தில் கேட்கவேண்டும் என்றார்கள். கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

அவன் யன்னலோரம் இருந்தான். என்னைக் கண்டதும் எழும்பினான். இடது கையை உயர்த்தப் பார்த்தான், தோளுக்கு மேல் எழும்பவில்லை. பிறகு மற்றக் கையால் சேர்ட் பார்சலை வாங்கினான். "அம்மா, நீங்கள் வராதேங்கோ. ஐடென்ரிக் காட் எடுத்துக்கொண்டு நான் வாறன்" என்றான். அட்டையைப் பறித்துவிட்டார்களாம், ஊரில் கிராம அதிகாரி விதானையாரிடம் எழுதிப் புதிதாக எடுக்கவேண்டும். பஸ் போய்விட்டது. காலி வீதி நெடுக நானும் பேர்ணடெற்றும் அதன் பின்னால் இன்னொரு பஸ்ஸில் வந்தோம்.

தீபாவளி லீவோடு ஒரு கிழமை சேர்த்து எடுத்திருக்கிறேன். போய்க் கூட்டிவருவேன். உங்களுக்கு மகிழ்ச்சிதானே. பிள்ளை உயிரோடு இருக்கிறான்.

நாகேஸ்வரி


வெள்ளவத்தை
14.10.1987

வாகீசனின் அப்பாவுக்கு,

உங்கள் இந்திய இராணுவமும் ஆயுதத்தோடு இருக்கிற எங்கள் பெடியன்களின் இயக்கமும் யாழ்ப்பாணத்தில் சண்டை. பாதை பூட்டு. வவுனியாவுக்கு அப்பால் ஒன்றும் போகவில்லை.

சண்டை தொடங்க முதல் அவன் போட்ட தபாலட்டை நேற்று வந்தது. தோளைக் காட்ட யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு வந்தானாம், கொக்குவிலில் சிநேகிதன் வீட்டில் தங்கியிருக்கிறானாம், புது அட்டை அடுத்த கிழமை கிடைத்துவிடுமாம். வானொலியில் கொக்குவில் கொக்குவில் என்று சொல்கிறார்கள். கையில் அடையாள அட்டை இல்லாத, முகாமிலிருந்து வந்த, ஒரு கை எழும்பாத பெடியன். கையை உயர்த்து என்று ஆமிக்காரன் கத்தினால் அவன் எப்படி உயர்த்துவான்?

நான் உங்களை என்னவெல்லாமோ சொன்னேன். அதெல்லாம் இருக்கட்டும். டெல்லிக்காரரிடம் போங்கள். பெயரைச் சொல்லுங்கள். தூதரகம் கேட்கட்டும், தளபதி கேட்கட்டும், யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். அவர்கள் ஒருவரையும் கேளாமல் எதுவும் செய்யக்கூடியவர்கள்தானே. எனக்காகவும் கேளாமல் ஒன்று செய்யட்டும். முந்தி நீங்கள் சொன்னதற்காக அழுதவள் இப்போது சொல்லுங்கள் என்று அழுகிறேன். எனக்கு வெட்கமில்லை.

நாகேஸ்


சென்னை
27.10.1987

அன்பின் நாகேசுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்த அன்றே ரயிலேறி டெல்லிக்குப் போனேன். நேற்றுத்தான் திரும்பினேன்.

அவர் என்னைப் பார்த்தார். மரியாதையாகத்தான் நடத்தினார். ஜூலையில் உங்கள் மகன் இன்னொரு அரசின் கையில் இருந்தான், ஆகவே எங்களால் கேட்க முடிந்தது என்றார். இப்போது அங்கே இருப்பது எங்கள் படை, எங்கள் படையிடம் நாங்களே எந்த முகத்தோடு கேட்பது, நடவடிக்கை முடியட்டும் என்றார். நான் விடவில்லை. யாழ்ப்பாணத்துச் சனத்தை ஒரு சொல் கேட்டுவிட்டா சண்டை தொடங்கினீர்கள் என்றேன். அவர் சிரித்தார். "பேராசிரியர், இதைத்தானே நீங்கள் எழுதினீர்கள்" என்று என் கட்டுரை ஒன்றை எனக்கே சொல்லிக்காட்டினார். வரிக்கு வரி ஞாபகம் வைத்திருக்கிறார். எழும்பி வந்துவிட்டேன்.

நாகேஸ், நான் வர நினைக்கிறேன். கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எப்படியாவது வடக்கே போகலாம். ஆனால் சென்னையிலிருந்து வந்த எழுத்தாளன் என்று என்னைப் பிடித்தால் அந்தக் கரைச்சல் உம்முடைய தலையிலும் விழும். இனி உம்மைக் கேளாமல் ஒரு அடியும் வைப்பதில்லை என்று முடிவுசெய்திருக்கிறேன். நான் வரட்டுமா? ஓம் என்றால் வருகிறேன், வேண்டாம் என்றால் இங்கேயே இருக்கிறேன். தந்தி வேண்டாம் என்று நீர் முன்னம் சொன்னதால் இதையும் கடிதமாகவே அனுப்புகிறேன்.

உம்முடைய பதில் வரும்வரை காத்திருப்பேன்.

கதிர்காமநாதன்


வெள்ளவத்தை
8.11.1987

இவருக்கு,

உங்கள் கடிதம் பன்னிரண்டு நாள் எடுத்து வந்திருக்கிறது. இந்தப் பதில் வர இன்னும் அவ்வளவு நாள் எடுக்கும். அதுவரைக்கும் நீங்கள் சென்னையில் என் சம்மதத்துக்காகக் காத்துக்கொண்டு இருப்பீர்கள். கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள் என்னைக் கேளுங்கள் கேளுங்கள் என்று தவம் கிடந்தேன். கேட்க உங்களுக்கு இந்த நாள்தானா கிடைத்தது? கேளாமல் வந்து வாசலில் நின்றிருந்தால் உங்களை நான் என்ன துரத்தியா இருப்பேன்?

எனக்குக் கோபமில்லை. களைப்புத்தான்.

கொக்குவிலில் அவன் இருந்த வீடு நிற்கிறது, ஆட்கள் இல்லை என்று அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார். அகதிகளோடு கோயிலில் இருக்கலாம், பள்ளிக்கூடத்தில் இருக்கலாம். அந்த மனிதர் வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாளைக் காலை வவுனியாவுக்குப் போகிறேன். அதற்கப்பால் எப்படி என்று தெரியாது. சைக்கிளில் போகிறவர்கள் இருக்கிறார்களாம், நடந்து போகிறவர்களும் இருக்கிறார்களாம். பேர்ணடெற் மறித்தாள். வங்கியில் லீவு தரவில்லை, நானும் கேட்கவில்லை. உங்களையும் கேட்கவில்லை.

வீட்டுத் திறப்பை ஹெக்டரிடம் கொடுத்தேன். வாசலில் வைத்து வாங்கவில்லை, உள்ளே கூப்பிட்டு இருத்தித்தான் வாங்கினார். நீங்கள் வந்தால் தருவார். பிள்ளை உங்களுக்கும் எனக்கும் முதல் வந்து சேர்ந்தால் அவனுக்குச் சோறு போடச் சொல்லியிருக்கிறேன்.

நாகேஸ்